கனமான ஜோடிக்கு எந்தக் கேட்டமரான்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பேர்னில், போர்ட் பிலிப் விரிகுடாவின் கரையிலிருந்து 14 ஆண்டுகளாகப் பாய்ப்படகு ஓட்டுகிறேன். என் எடை 98 கிலோ. என்னோடு ஏறும் மைத்துனர் 94 கிலோ. சனிக்கிழமை காலையில் மணலில் பாய் கட்டிக்கொண்டிருக்கும்போது யாராவது வந்து நிற்பார்கள். சற்று நேரம் படகையே பார்ப்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் கனம், எங்களுக்கு இது சரிப்படுமா?" என்று கேட்பார்கள். அந்தத் தாழ்ந்த குரல் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட வேண்டிய கேள்வியே அல்ல இது. திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கேட்டமரான் என்றால் நம் ஊர்க் கட்டுமரம்தானே?

பெயர் நம்முடையது, படகு வேறு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, மரங்களைப் பிணைத்துச் செய்த நம் மிதவையைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் நுழைந்த அந்தச் சொல் காலப்போக்கில் இரண்டு உடல் கொண்ட படகுகளுக்குப் பெயராகிவிட்டது. இரட்டை உடல் படகு என்ற மரபு பசிபிக் தீவு மக்களுடையது.

இந்த வேறுபாடு நம் விஷயத்துக்கும் உதவும். கட்டுமரத்தில் மரமே மிதக்கிறது. அலை மேலே ஏறிக் கட்டைகளுக்கு இடையே வடிந்துவிடும். கடற்கரைக் கேட்டமரானில் மிதப்பது, மூடிய இரண்டு குழல்களுக்குள் அடைபட்ட காற்று. அந்தக் குழல்களை இங்கே 'மிதவை' என்று எழுதுகிறேன். மிதவைக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது, அதில் எவ்வளவு முன்பக்கம் இருக்கிறது என்பதுதான் கனமானவர்கள் பார்க்க வேண்டிய முதல் விஷயம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து 180 கிலோ. இது கனமா, சாதாரணமா?

கனம்தான். உலகில் அதிகம் விற்ற கடற்கரைக் கேட்டமரான்களில் ஒன்றான ஹோபி 16-இன் பந்தய விதி, இருவரும் சேர்ந்து குறைந்தது 129 கிலோ இருக்க வேண்டும் என்கிறது. பந்தயத்தில் முன்னே போகும் ஜோடிகள் பலரும் அந்த எண்ணை ஒட்டியே இருப்பார்கள். 160 கிலோவைத் தாண்டிய ஜோடியைக் கனமான ஜோடி என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

எடையைக் குளியலறைத் தராசில் லுங்கியோடு நின்று பார்க்காதீர்கள். நீர் ஊறிய ரப்பர் உடை, இடுப்புப் பட்டை, மிதவைச் சட்டை, காலணி எல்லாவற்றையும் அணிந்து நின்று பாருங்கள். எங்களுக்கு ஆளுக்கு 5 கிலோ கூடியது. 192 என்று நினைத்திருந்த நாங்கள் உண்மையில் 202.

விளம்பரத்தில் 363 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறதே, பிறகென்ன கவலை?

அது மிதக்கும் அளவு. நன்றாக ஓடும் அளவு வேறு. 5.05 மீட்டர் நீள ஹோபி 16-க்கும் 4 மீட்டருக்குச் சற்றே குறைந்த ஹோபி வேவுக்கும் ஒரே 363 கிலோவைத்தான் போட்டிருக்கிறார்கள். அந்த எண் ஓட்டத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

காற்று வலுக்கும்போது ஒரு மிதவை நீரைவிட்டு எழும்பும். அந்த நொடியில் மொத்த எடையும் இன்னொரு மிதவையின் மேல். ஹோபி 16-இன் எடை 145 கிலோ. எங்கள் 202 கிலோவைச் சேர்த்தால் 347. அந்த ஒற்றை மிதவை ஏறத்தாழ 340 லிட்டர் கடல்நீரை விலக்கியாக வேண்டும். பாய் முன்னோக்கித் தள்ளும் அழுத்தம் அதன் மேல் கூடுதல், அதுவும் மூக்கில். படகு வாங்கும்போது எத்தனை பேரைத் தாங்கும் என்று கேட்பதைவிட, ஒற்றை மிதவையில் ஓடும்போது மூக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள்.

கனம் இருந்தால் படகு மெதுவாகத்தானே போகும்?

காற்று குறைவாக இருக்கும்போது ஆம், அதில் மறைக்க ஒன்றுமில்லை. 5 மீட்டர் படகில் இரண்டு மிதவைகளும் நீரில் இருக்கையில், ஏறத்தாழ 20 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் அமுங்கும் என்பது என் தோராயக் கணக்கு. 60 கிலோ கூடுதல் என்றால் 3 சென்டிமீட்டர். 6 நாட் (மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர்) காற்றில் மெலிந்த ஜோடி நம்மைத் தாண்டிப் போய்விடும்.

12 நாட்டைத் தாண்டினால் கதை மாறுகிறது. படகைச் சாய்க்கப் பார்க்கும் பாயை எதிர்த்து நிற்பது படகின் எடையும் நம் எடையும்தான். ஹோபி 16-இல் 130 கிலோ ஜோடிக்குப் பதில் 190 கிலோ ஜோடி ஏறினால், படகின் எடையையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்த எதிர்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மெலிந்தவர்கள் பாயைத் தளர்த்திக் காற்றை வீணாக்கும் இடத்தில் நாம் இறுக்கிப் பிடித்து ஓட்டலாம். இங்கே கோடைப் பிற்பகல்களில் தெற்கிலிருந்து வரும் கடற்காற்று எழும்பும்போது எங்கள் முகம் மலர்வதற்கு அதுதான் காரணம். அந்த வலிமையைத் தாங்கும் மிதவை அடியில் இருக்க வேண்டும், அவ்வளவே.

ஹோபி 16 தான் எங்கும் கிடைக்கிறது. அதையே வாங்கிவிடலாமா?

எனக்கு அந்தப் படகின் மேல் தனி அன்பு உண்டு. நான் கற்றுக்கொண்டது அதில்தான். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஆல்டர், அலைக்குள் இறக்கி அலையோடு மணலில் ஏற்றக்கூடிய படகு வேண்டும் என்று முதலில் 14 அடியில் ஒன்றும் பிறகு இந்த 16-ஐயும் வடிவமைத்தார். வாழைப்பழம் போல வளைந்த மிதவைகள், கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை எதுவும் கிடையாது. மணலில் ஏற்ற இதைவிடச் சுகமான படகு அரிது. உதிரிப்பாகங்களும் எளிதில் கிடைக்கும்.

ஆனால் அதன் மூக்கு ஒல்லி. பக்கக் காற்றில் வேகம் எடுக்கும்போது, காற்று விழும் பக்கத்து, அதாவது காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறத்து, மிதவையின் மூக்கு நீருக்குள் நுழையும். படகு சட்டென்று நின்று, பின்பக்கம் தலைக்கு மேல் எழும்பிக் குப்புறக் கவிழும். எங்கள் இரண்டாம் ஆண்டில் 18 நாட் காற்றில் இது நடந்தது. நான் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது: மூக்கின் மேல் ஒரு பச்சைக் கண்ணாடித் தகடு போல நீர் ஏறியது, இரண்டு மிதவைகளையும் இணைக்கும் முன் குறுக்குத் தண்டு வரை வந்தது, சத்தம் நின்றது. அடுத்த கணம், பாய்மரத்திலிருந்து இறங்கும் டிரபீஸ் கம்பியில் இடுப்புப் பட்டையை மாட்டிப் படகுக்கு வெளியே தொங்கிய மைத்துனர் ஊஞ்சலில் இருந்து விடுபட்டவர் போலப் படகைச் சுற்றி முன்னால் பறந்து போனார். அவருக்கு விலாவில் மட்டும் அடி. மெலிந்தவர்களுக்கும் இது நடக்கும். கனமானவர்களுக்குச் சீக்கிரம் நடக்கும். ஏனென்றால் நாம் பாயைத் தளர்த்தாமல் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கிறோம், மூக்கோ ஏற்கெனவே தாழ்ந்திருக்கிறது.

170 கிலோ வரை, பின்னால் நெருக்கி உட்காரும் பழக்கத்தோடு, ஹோபி 16-ஐ மகிழ்ச்சியாக ஓட்டலாம். அதற்கு மேல் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

அப்படியானால் எந்தப் படகுகளைத் தேட வேண்டும்?

18 அடியும் அதற்கு மேலும் உள்ளவை, அவற்றிலும் மூக்குப் பருத்தவை. என் பட்டியலில் முதலில் வருவது ஹோபி 18. 1970களின் நடுவில் வந்தது, 5.49 மீட்டர் நீளம், 181 கிலோ எடை. மிதவைகள் இருபுறமும் சமச்சீரானவை, 16-ஐவிடக் கொள்ளளவு மிகுந்தவை. இரண்டு கனமான ஆட்களோடு அது அலட்டிக்கொள்ளாமல் ஓடும். பழைய படகுதான், ஆனால் கட்டுமானம் முரட்டுத்தனமானது.

நேக்ரா 5.8 ஆஸ்திரேலியாவில் நன்றாக வேரூன்றிய படகு. பெயரில் இருப்பதுதான் மீட்டர்க் கணக்கில் அதன் நீளம். ஹோபி 18-ஐவிட வேகம், கையாளவும் நுட்பம் வேண்டும். நாங்கள் இப்போது ஓட்டுவது இதைத்தான். அதைவிட நீளமான நேக்ரா 6.0 இன்னும் நன்றாகக் கனம் தாங்கும். அடுத்தது ஃபார்முலா 18 வகை: ஹோபி டைகர், நேக்ரா இன்ஃபியூஷன் போன்றவை. நீளம் 5.52 மீட்டர், அகலம் 2.60, குறைந்தபட்ச எடை 180 கிலோ. இந்த வகுப்பை உருவாக்கியவர்கள் கனத்தை மதித்தவர்கள். கனமான ஜோடிக்குப் பெரிய முன்பாயும் 21 சதுர மீட்டர் ஸ்பின்னேக்கரும் (காற்று பின்னாலிருந்து வரும்போது முன்னால் உப்பி விரியும் கூடுதல் பாய்), மெலிந்த ஜோடிக்குச் சிறிய முன்பாயும் 19 சதுர மீட்டர் ஸ்பின்னேக்கரும் என்று விதியிலேயே வகுத்துவைத்தார்கள். பந்தயத்தில் ஆசை இருந்தால் நேராக இங்கே வாருங்கள்.

இவை எல்லாவற்றிலும் மிதவையின் நடுவே கீழிறங்கும் டாகர்போர்டு என்ற பலகை உண்டு. மணலை நெருங்கும்போது அதை உயர்த்த மறக்கக் கூடாது. மறந்தால் உடைவது பலகையோடு நிற்காது. அது இறங்கும் பொந்தும் விரியும்.

நீளம் முக்கியமா, அகலம் முக்கியமா?

கனமானவர்களுக்கு நீளம். அகலம் என்பது நம் எடையை வெளியே தள்ளி வைத்துச் சாயாமல் நிற்பதற்கான நெம்புகோல். அந்த வலிமை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்த டொர்னாடோ ஏறத்தாழ 3 மீட்டர் அகலம். அபாரமான படகு. ஆனால் பல நாடுகளில் சாலையில் இழுத்துச் செல்லும் வண்டிக்கு 2.5 மீட்டரை ஒட்டிய அகல வரம்பு இருப்பதால் அதைக் கழற்றியோ சாய்த்தோதான் கொண்டுபோக வேண்டும்.

நீளம் கூடினால் மிதவையின் கொள்ளளவு கூடும், மூக்கு நமக்கு முன்னால் தள்ளிப் போகும். அலை குறுகியும் செங்குத்தாகவும் எழும் போர்ட் பிலிப் போன்ற ஆழமற்ற விரிகுடாவில் அந்த அரை மீட்டர் வித்தியாசம் முதுகெலும்பில் தெரியும்.

பந்தயம் வேண்டாம். பிள்ளைகளோடு நான்கு பேர் சுற்றிவர வேண்டும். பிளாஸ்டிக் படகு வாங்கலாமா?

தாராளமாக. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மிதவைகள் கொண்ட ஹோபி கெட்அவே (Getaway) இதற்கென்றே செய்தது. 454 கிலோ தாங்கும் என்கிறார்கள். கொள்ளளவு மிகுந்த மூக்கு. கல்லில் உரசினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. வேகம் குறைவு. படகே 177 கிலோ என்பதால் இளகிய மணலில் தள்ளப் பெரிய பலூன் சக்கரங்கள் கட்டாயம் வேண்டும். சக்கரத்தில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள். கடலில் மகிழ்ச்சியாகச் சுற்றிவிட்டு, கரையில் படகை ஏற்றும்போது முதுகைப் பிடித்துக்கொண்ட குடும்பத் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் எடை 105, என் மனைவி 58. யார் சுக்கான் பிடிப்பது, யார் டிரபீஸில் தொங்குவது?

உங்களில் பலர் இதைக் கேட்காமலே முடிவெடுத்துவிடுகிறீர்கள்: கனமான கணவர் சுக்கானில், மனைவி கம்பியில். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. கம்பியில் தொங்குபவர் விளிம்பில் உட்காருபவரைவிட ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே இருக்கிறார். அந்த ஒரு மீட்டர் 105 கிலோவுக்குக் கிடைத்தால் பயன் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மனைவி சுக்கான் பிடிக்கட்டும், நீங்கள் கம்பியில் போங்கள். எங்கள் கரையில் சிறந்த சுக்கான்காரர்களில் மூவர் 60 கிலோவுக்குக் குறைந்த பெண்கள்.

உங்கள் இருவரின் மொத்தம் 163. ஹோபி 16-கூட உங்களுக்குச் சரிப்படும்.

டிரபீஸ் கம்பி என்னைத் தாங்குமா? அறுந்துவிடாதா?

நல்ல நிலையில் உள்ள 2.5 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி 400 கிலோவுக்கு மேல் தாங்கும். அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல. முனையில் வளையம் அழுத்தி இறுக்கிய இடத்தில்தான். மெல்லிய துணியால் கம்பியை மேலிருந்து கீழே நீவுங்கள். ஓர் இழை விட்டிருந்தாலும் துணியில் மாட்டும். மாட்டினால் அந்தக் கம்பியோடு அன்று கடலுக்குப் போகாதீர்கள்.

பலர் கவனிக்காதது பாய்மரத்தைத் தாங்கும் பக்க வடங்களை. மெலிந்த ஜோடியின் படகு பெருங்காற்றில் சாய்ந்து கொடுத்துவிடும். நாம் சாயவிடாமல் பிடிப்பதால் அந்த விசை முழுவதும் வடத்திலும் மரத்தின் அடியிலும் இறங்குகிறது. பழைய படகு வாங்கினால் முதல் செலவு புது வடங்களாக இருக்கட்டும். இடுப்புப் பட்டை உங்கள் அளவுக்கே வேண்டும். இரவல் பட்டை விலா வரை ஏறிக்கொண்டால் பத்து நிமிடத்துக்கு மேல் கம்பியில் நிற்க முடியாது.

கவிழ்ந்தால் எங்களால் நிமிர்த்த முடியுமா?

மெலிந்தவர்களைவிட எளிதாக. இந்தப் படகுகளை நிமிர்த்த எடைதான் வேண்டும். ஹோபி 16-ஐ 60 கிலோ ஆள் தனியாக நிமிர்த்தத் தண்ணீர்ப் பை போன்ற துணைக்கருவி தேடுவார். நாம் பாய்க்கயிறுகளை அவிழ்த்துவிட்டு, மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பி, மேல் மிதவை வழியாகப் போட்ட கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் போதும். பாய்மரம் மெல்ல நீரைவிட்டுக் கிளம்பும். நிமிர்ந்து வரும் மிதவை தலையில் இடிக்காமல் முன் தண்டின் அடியில் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

நமக்குக் கடினம் அடுத்த கட்டம்: நீரிலிருந்து மேலே ஏறுவது. களைத்த கைகளால் 100 கிலோவைத் தூக்க முடியாது. முன் குறுக்குத் தண்டில் ஒரு கயிற்று வளையம் கட்டி, நீருக்குள் முழங்கால் அளவுக்குத் தொங்கவிடுங்கள். அதில் காலை வைத்து ஏறலாம். இரண்டு டாலர் கயிறுதான். கரையோரம் இடுப்பளவு நீரில் இதை நான்கு முறை பழகாமல் ஆழத்துக்குப் போக வேண்டாம்.

பழைய படகு பார்க்கப் போகிறேன். எங்கே கை வைத்துப் பார்ப்பது?

கட்டைவிரலால் தொடங்குங்கள். கண்ணாடியிழை மிதவையின் சுவர், இரண்டு மெல்லிய தகடுகளுக்கு இடையே நுரை வைத்தது. ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்தால் தகடு நுரையைவிட்டுப் பிரியும். முன் தண்டுக்கு முன்னால் உள்ள மேல்தளத்தை அங்குலம் அங்குலமாக அழுத்துங்கள். கனமானவர்கள் ஏறிய படகில் அங்கேதான் முதலில் விடும். விரல் அமுங்கி, எடுத்ததும் 'டொக்' என்று எழும்பினால் பிரிந்திருக்கிறது. பிறகு ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று பேசும், பிரிந்த இடம் அட்டைப்பெட்டி போல மந்தமாக ஒலிக்கும். காதே சொல்லிவிடும்.

அடுத்து, குறுக்குத் தண்டுகள் மிதவையில் சேரும் இடம். தலைமயிர் போன்ற வெடிப்பு மேற்பூச்சில் மட்டுமா, ஆழமா என்று நகத்தால் பாருங்கள். படகை ஒரு மூலையில் தூக்குங்கள். மற்ற மூலை சேர்ந்து எழும்பாமல் நெளிந்தால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. மிதவைகளுக்கு இடையே இழுத்துக் கட்டிய டிராம்போலின் துணியை வெயிலில் வெளுத்த இடத்தில் கிள்ளிப் பாருங்கள், தையல் விடுகிறதா என்று. துணி கிழிந்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். மிதவை பிரிந்திருந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பி நடங்கள்.

ஸ்பின்னேக்கர் இருந்தால் மூக்கு இன்னும் அமுங்காதா?

அப்படித்தான் தோன்றும். ஆனால் முன்னால் நீண்ட கம்பிலிருந்து விரியும் ஸ்பின்னேக்கர் மூக்கைத் தூக்கிக் கொடுக்கிறது. மூக்குக் குத்தும் ஆபத்து, அதை இறக்கிவிட்டுப் பெரிய பாயோடு பக்கக் காற்றுக்குத் திரும்பும் அந்த இடைவெளியில்தான் அதிகம். அப்போது இருவரும் பின் தண்டுக்கு அருகில் இருக்க வேண்டும். அதற்காக எப்போதும் பின்னாலேயே உட்கார்ந்தால் மிதவையின் வால் நீரை இழுக்கும். காற்று குறைந்த நாளில் நேர்மாறாக, முன் தண்டை ஒட்டி நெருங்கி உட்காருங்கள்.

துணைக்கு ஆள் இல்லை. 100 கிலோ உள்ள நான் தனியாக ஓட்ட எது?

ஹோபி 17. ஒருவருக்காகவே வடிவமைத்தது, இருபுறமும் இறக்கை போல நீளும் இருக்கைகள் உண்டு. 100 கிலோவில் தனி ஆள் கேட்டமரான் ஓட்டுவதில் ஒரு பேறு இருக்கிறது: மெலிந்தவர்கள் பாயைக் குறைத்துக்கொண்டு போகும் நாளில் நீங்கள் முழுப் பாயோடு போகலாம். மேலே சொன்ன கயிற்று வளையம் தனி ஆளுக்கு இருமடங்கு அவசியம்.

நல்ல நிலையில் ஒரு ஹோபி 16, தளம் கொஞ்சம் இளகிய ஒரு ஹோபி 18. இரண்டும் ஒரே விலை. நாங்கள் 190 கிலோ. எதை எடுப்பது?

என்னைக் கேட்டால் இரண்டையும் விட்டுவிட்டு இன்னும் ஒரு பருவம் காத்திருங்கள். இந்தக் கோடையை விட மனமில்லை என்றால், 16-ஐ எடுத்து 12 நாட்டுக்குள் ஓட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். அதை எப்போது வேண்டுமானாலும் விற்க முடியும். இளகிய தளத்தை உங்கள் 190 கிலோ ஒரே பருவத்தில் முடித்துவிடும்.

16-க்குப் பணம் கொடுக்கும் முன் உரிமையாளரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள். நீங்கள் இருவரும் முழு உடையோடு ஏறி, 12 நாட்டை ஒட்டிய காற்றில், பக்கக் காற்று வாங்கி ஓட்டுங்கள். ஒருவர் சுக்கானைப் பார்த்துக்கொள்ளட்டும். மற்றவர் காற்று விழும் பக்கத்து மூக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வீச்சு வரும்போது மூக்குக்கும் நீருக்கும் இடையே ஒரு சாண் தெரிந்தால் பேரம் பேசலாம். நான்கு விரல்தான் தெரிகிறது என்றால், நன்றி சொல்லிவிட்டு, அவரோடு சேர்ந்து படகைக் கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.